சொல்லிக்காட்டலாமா

மகள் பேச்சு மன்றத்தில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று இஸ்திரிக்காரருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"படிக்க அனுப்பினா பேசப் போறியா? பேசுறதுக்கு எதுக்குப் பல்கலைக்கழகம்? காலையில நம்ம தெருக் குழாயடியில வந்து நில்லு, வஞ்சகமில்லாம கத்துத் தருவாங்க."

பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போது பதில் சொன்னாள், இப்போது சொல்ல? வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, வாயில்லாப் பூச்சி. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்வதற்குள் டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவாராம். கூடத்தில் இருந்தாலும் இல்லாத பிள்ளைதான்.

அவள் அம்மாதான் குறுக்கே வந்தாள். "சேரட்டும் விடுங்க. இந்த வீட்ல ஒரு வாய்தான் பேசிக்கிட்டு இருக்கு. அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா?"

அந்த ஒரு வாய் யாருடையது என்று தெருவுக்கே தெரியும்.

இஸ்திரிக்காரருக்கு வேலை ஊரின் பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்து வந்த விரிப்பை இரண்டு முனையும் பிடித்து, கொதிக்கிற உருளைக்குள் நேராக ஊட்டிவிட வேண்டும். ஊட்டுகிறவர் இவர். அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வெளியே வருவதை வாங்கி மடிக்கிறவன் நெட்டையன். நடுவில் ஆவி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும் போகும் வரும். உருளை எத்தனையோ தடவை இவர் முன்கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. முழங்கை வரைக்கும் பழைய தழும்பின் மேல் புதுத் தழும்பு.

அந்தக் கைதான் வீட்டில் பேச்சுக்குப் பிள்ளையார் சுழி. வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் கையை நீட்டுவார். "இதைப் பாரு. இது யாருக்காக வெந்துச்சு?" பாப்பா தலையைக் குனிந்துகொள்வாள். "நான் ஆவியில வெந்தாத்தான் நீ வெள்ளையும் சொள்ளையுமாக் கிளம்ப முடியும். ஞாபகம் வச்சுக்க." அவள் தலையாட்டுவாள். புதுச் செருப்பு வாங்கினால் ஒரு பேச்சு, பழைய காய்ச்சலுக்கு ஒரு பேச்சு. சாப்பாட்டில் உப்பு மறந்தாலும் இது மறக்காது என்பாள் மனைவி.

அவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. சொன்னால்தானே தெரியும் என்பது அவர் கட்சி. சொல்லாமல் உழைத்துச் செத்தவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். எடுத்துப்போட்ட மறுநாளே வீட்டில் அவர்கள் பேச்சு எடுப்பாரில்லை.

மன்றத்தில் சேர்ந்த பிறகு பாப்பாவிடம் என்னவோ நடந்தது. அது வளர்ந்த விதம் தலைமுடி வளர்கிற மாதிரி, பார்க்கும்போது தெரியவில்லை. மாடியில் இருந்த வீட்டுக்காரர் குழாய் ஒழுகி இவர்கள் சுவர் ஊறிக்கொண்டே இருந்தது. இஸ்திரிக்காரர் ஏறி ஏறிக் கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பாப்பா தானே படியேறிப் போனாள். "நீங்க சொல்றதும் சரிதான் மாமா" என்று ஆரம்பித்தாளாம். எங்கே கொண்டுபோய் முடித்தாளோ, மறுநாள் குழாய்க்காரன் பையோடு வந்து நின்றான்.

இஸ்திரிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஆவிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினார். "கேட்டியா நெட்டையா? என் ரத்தம்டா அது."

"உங்க ரத்தம் இத்தனை வருஷமா அந்த மாடியில கெஞ்சிக்கிட்டுத்தானே இருந்துச்சு அண்ணே? இது மன்றத்து ரத்தம்."

"மடிக்கிற வேலையைப் பாரு."

போட்டி என்று ஒன்று வந்தது இதற்குப் பிறகுதான். மன்றத்துப் பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து பேசுவார்கள், நன்றாகப் பேசுகிறவர்களை வெளியூர்ப் போட்டிக்கான அணியில் எடுப்பார்கள் என்று பாப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நானும் வரட்டுமா?" என்றார் இவர்.

பாப்பா கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு வேலை இருக்குமேப்பா."

வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அவருக்குப் புரியவும் புரிந்தது. ஆனாலும் நெட்டையனிடம் உருளையை ஒப்படைத்துவிட்டு, சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மனைவி வாசல்வரை வந்தாள்.

"போயிட்டு வாங்க. வாயை மட்டும் வீட்ல வச்சுட்டுப் போங்க."

அதைக் கேட்டிருக்கலாம்.

பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் எந்தக் கூடம் என்று கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்வதற்குள் போட்டி ஆரம்பித்துவிட்டது. கடைசி வரிசையில் ஒரு மாணவிக்குப் பக்கத்தில் காலி நாற்காலி கிடைத்தது. மேடையில் இரண்டு பக்கமும் பிள்ளைகள். நடுவில் நடுவராக ஒரு பேராசிரியை. ஓரமாக ஒரு பெண் நேரம் பார்த்து அடிக்க மேசை மணியோடு உட்கார்ந்திருந்தாள். பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்கள்: 'செய்ததைப் பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லிக்காட்டலாமா?'

இதற்கெல்லாமா ஒரு போட்டி என்று நினைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் 'சொல்லலாம்', எந்தப் பக்கம் 'கூடாது' என்று சொன்னபோது அவர் வெளியே வழி கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் அது அவருக்குத் தெரியாது. ஒரு கண்ணாடி போட்ட பையன் பேசிவிட்டு உட்கார, பாப்பா எழுந்தாள்.

ஒலிபெருக்கியில் அவள் குரலைக் கேட்டதும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இது என் பிள்ளை என்று பக்கத்து மாணவியிடம் சொல்ல வாய் துறுதுறுத்தது.

"நடுவர் அவர்களே, எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு அப்பா. வேலை முடிந்து வந்ததும் கையை நீட்டுவார்." பாப்பா கையை நீட்டினாள். முழங்கையைத் தடவிக்கொண்டாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் குரலிலேயே கேட்டாள்: "இது யாருக்காக வெந்துச்சு?"

கூடம் சிரித்தது.

"செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் செருப்போடு ஒரு கதையும் இருக்கும். ஒரு காய்ச்சல் வந்தால் அடுத்த காய்ச்சல் வரைக்கும் அந்தக் கதைதான். 'நான் ஆவியில் வெந்தால்தான் நீ வெள்ளையும் சொள்ளையுமாகக் கிளம்பலாம்.'"

சிரிப்பு அடங்கவே இல்லை. பின்வரிசையில் ஒருவன் "எங்க வீட்லயும்" என்று கத்தினான். பக்கத்து மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாப்பா சிரிப்பு அடங்கட்டும் என்று புன்னகையோடு காத்திருந்தாள். அவள் காத்திருப்பதை, ரசிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார் இவர்.

எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"நிறுத்து" என்றார். "யாரைப் பாத்துச் சிரிக்கிறீங்க எல்லாரும்? இந்தக் கை வெந்தது நிஜம். இவ கால்ல போட்டிருக்காளே செருப்பு, அது யாரு வாங்கிக் கொடுத்தது? காய்ச்சல்ல துவண்டு கிடந்தப்போ மழையில தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனது யாரு? இவ இங்க நின்னு பேசணும்னு அங்க ஒருத்தன் வெந்துக்கிட்டு இருக்கான், தெரியுமா?"

சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மேலே சுருட்டி, கையை நீட்டிக் காட்டினார். சற்று முன் பாப்பா நீட்டிக் காட்டினாளே, அச்சு அசல் அதே மாதிரி. கடைசியில் முழங்கையைத் தடவிக்கூடக் கொண்டார்.

மணி வைத்திருந்த பெண் மணியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. கண்ணாடிப் பையன் மெதுவாக எழுந்தான்.

"நடுவர் அவர்களே, சொல்லிக்காட்டுவது கூடாது என்று பேச வந்தோம். எங்கள் அணிக்கு இனிமேல் சாட்சி எதுவும் வேண்டாம்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. அந்தச் சத்தத்துக்குள் பக்கத்து மாணவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, பாவம் பார்த்துச் சொன்னாள். "ஐயா, உட்காருங்க. அந்தப் பொண்ணு சொல்லலாம்னுதான் பேசுது. உங்க பக்கம்தான் பேசுது."

அது காதில் விழுந்து மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது. ஏறியதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இறக்கினார். பொத்தானைத் தேடினார். துளை அகப்படவில்லை.

நடுவர் ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டு மரியாதையாகவே கேட்டார். "ஐயா, நீங்க யாரு?"

மேடையில் பாப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"யாருமில்லைங்க" என்றார். "வழி தவறி வந்துட்டேன்."

கால்களை இடித்துக்கொண்டு, நாற்காலிகளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு வண்டியை விட்டார், இன்னொன்றையும் விட்டார். வீட்டுக்குப் போக முகமில்லை. அப்போது பாப்பா வந்தாள். பக்கத்தில் நின்றாள். அடுத்த வண்டியில் இருவரும் ஏறி ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பாதி வழி கடந்தது.

"நீ எனக்காகத்தான் பேசினியாம்" என்றார் கடைசியில். "பக்கத்துல இருந்த பொண்ணு சொல்லுச்சு."

"உங்களுக்காக இல்லப்பா. சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. எனக்கு 'சொல்லலாம்'னு விழுந்துச்சு."

"'கூடாது'ன்னு விழுந்திருந்தா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "இன்னும் நல்லாப் பேசியிருப்பேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சுவர் ஊறுகிறது என்று வீட்டுக்காரரிடம் எந்தக் குரலில் சொல்லியிருப்பாளோ அந்தக் குரலில் சொன்னாள். இத்தனை வருஷமும் தலையாட்டிய தலைக்குள் இது இருந்திருக்கிறது. கை நீட்டிய ஒவ்வொரு தடவையும் இருந்திருக்கிறது. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மீதியைப் பேசினியா?"

"இல்ல. கும்பிட்டுட்டு இறங்கிட்டேன்." அவளே மேலும் சொன்னாள். "கத்தினதுகூடப் போகட்டும்பா. யாருமில்லைன்னு சொன்னீங்களே."

"எல்லார் முன்னாடியும் உனக்கு அசிங்கமா இருக்கக்கூடாதுன்னுதான்மா."

"அதையும் எனக்காகத்தான் செஞ்சீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஆமாம் என்றுதான் இருந்தது. மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பாப்பா மன்றத்துக்குப் போகவில்லை. வகுப்பு முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா கேட்டதற்கு, "எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போகச் சொல்றே?" என்றாள், அதோடு சரி. கைபேசி அடித்தால் எடுக்கவில்லை. இவர் எதிரே உட்கார்ந்தால் பழையபடி தலையைக் குனிந்துகொண்டாள். முன்பெல்லாம் அந்தக் குனிந்த தலையை மரியாதை என்று நினைத்திருந்தார். இப்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். பார்க்கவே கூசியது.

சலவைக்கூடத்தில் நெட்டையன் கேட்டான். "பாப்பா போட்டி என்ன ஆச்சு அண்ணே?"

"தோத்துருச்சு."

"யாருகிட்ட?"

"என்கிட்ட."

கிண்டல் பண்ண வேண்டிய இடத்தில் நெட்டையன் கிண்டல் பண்ணாதது இன்னும் குறுக வைத்தது.

அன்று வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகாமல் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து ஏறினார். பேச்சு மன்றத்து அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு மேசை, ஒன்றோடொன்று பொருந்தாத நாற்காலிகள், சுவரில் பழைய போட்டிகளின் படங்கள். உள்ளே மணிப் பெண்ணும் கண்ணாடிப் பையனும் ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார்கள். இவரைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"உட்காருங்க" என்றார். அவர்கள் உட்காரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது அத்தனையும் மறந்துபோயிருந்தது. "அன்னிக்கு யாருமில்லைன்னு சொன்னேன். பொய். நான் அவ அப்பா. தெரியாம எழுந்து கத்திட்டேன். அதுக்கு அவளை ஒதுக்கிடாதீங்க."

"ஐயோ, யாரு ஒதுக்கினா? அவதான் போனையே எடுக்கல" என்றாள் மணிப் பெண்.

கண்ணாடிப் பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நான்தான் ஐயா மன்னிப்புக் கேக்கணும். நல்ல வரியா வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. உட்கார்ந்தப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"நீ சரியாத்தான் சொன்னே தம்பி."

மணிப் பெண் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளி உட்கார வைத்தாள். "முதல் வருஷம் அவ தனியா இந்தப் படிக்கட்டுலதான் உட்கார்ந்து சாப்பிடுவா, தெரியுமா உங்களுக்கு? கிளாஸ்ல யாருகிட்டயும் பேச மாட்டா. நாங்க ஒருநாள் ஆளு பத்தலைன்னு கையைப் பிடிச்சு உள்ளே இழுத்தோம். சும்மா உட்காரு போதும்னோம். கொஞ்ச நாள் நிஜமாவே சும்மாத்தான் உட்கார்ந்திருந்தா. இப்ப எங்களையெல்லாம் ஓரங்கட்டிடுவா."

அவருக்குத் தெரியாது. தினமும் சாப்பாடு கட்டிக் கொடுத்து, அதையும் ஒரு பேச்சாகப் பேசியனுப்பியிருக்கிறார். எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததை இத்தனை நாளும் வெட்டிப் பேச்சு என்று வைதுகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

"அவ அன்னிக்கு மீதி என்ன சொல்ல இருந்தா?" என்று கேட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒத்திகையில் கேட்டிருந்தார்கள். பையன்தான் சொன்னான், எதிர் அணிக்காரன்.

"'இவ்வளவு சிரிச்சோமே, அந்த அப்பாவுக்கு வேலை இடத்துல யாராவது நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பாங்களா? விரிப்பு வெள்ளையா இருந்தா ஓட்டல்காரரைத்தான் பாராட்டுவாங்க. வீட்ல நாமளாவது கை வலிக்குதான்னு கேட்டோமா? யாரும் கேக்காத வீட்ல அவரே சொல்லிக்கிறாரு. அதுக்குப் பேரு சொல்லிக்காட்டுறது இல்ல. நம்ம யாராவது கேப்போமான்னு அவரு கேட்டுப் பாக்குறாரு.' இப்படி முடிப்பா. நாங்க பதில் கிடைக்காம முழிச்சுக்கிட்டு இருந்தோம். நீங்க வந்து காப்பாத்தினீங்க."

அதைச் சொன்னதும் பையனே நாக்கைக் கடித்துக்கொண்டான். இஸ்திரிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டில் விழுந்ததற்காக எழுதியதாகவே இருக்கட்டும். அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. பேசும் முன்பே அவர்தான் எழுந்து நிறுத்து என்று சொல்லிவிட்டார்.

"அணி இன்னும் போடல" என்றாள் மணிப் பெண். "பாதியில இறங்கினதுக்கு எப்படி மதிப்பெண் போடறதுன்னு நடுவர் மேடம் சொல்லிட்டாங்க. வந்து மீதியைப் பேசச் சொல்லுங்க. நீங்க சொன்னா வருவா."

"நான் சொன்னா வரமாட்டா. நீங்களே சொல்லுங்க." எழுந்தார். வாசலில் நின்று, வந்ததற்கு அதுதான் முக்கியமான காரணம் போல, திரும்பினார். "நான் வந்தேன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா இதையும் அவ தலையில வச்ச மாதிரி ஆயிடும்."

வீட்டுக்கு வந்தபோது மனைவி, "ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள்.

"பஸ் வரல."

தட்டு வைத்தாள். பாப்பா எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைபேசி அடித்தது, விட்டது, மறுபடி அடித்தது. அம்மா முறைத்த பிறகு எடுத்துக் கேட்டாள். கேட்கக் கேட்க முகம் மாறியது. வைத்துவிட்டு யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"மீதியைப் பேச வரச் சொல்றாங்க. அணியே இன்னும் போடலையாம்."

"போயேன்" என்றாள் அம்மா.

இஸ்திரிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உனக்காகப் போனேன், உனக்காகச் சின்னப் பிள்ளைகள் முன்னால் தலை குனிந்தேன் என்று நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதை ஒரு வாய்ச் சோற்றோடு மென்று முழுங்கினார். நெற்றி வியர்த்துவிட்டது. கொதிக்கிற உருளைக்கு முன்னால் நின்றபோதுகூட இப்படி வியர்த்ததில்லை.

பாப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நீங்க ஏதாவது அங்க போனீங்களா?"

"எங்க?"

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. போயிருந்தா இந்நேரம் சொல்லிக்காட்டியிருப்பீங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். இத்தனை நாளுக்குப் பிறகு சிரிக்கிறாள். அம்மாவும் சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பாப்பா கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் பேசிப் பார்க்கிற குரல் கேட்டது, "நடுவர் அவர்களே" என்று.

அவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமும் இருந்த அவரைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதுதான் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.